நெகட்டிவ் என்றால் நல்லதுதானே?

(நம் கிளப் ஹவுஸில் அக்டோபர் மாதம் நடந்த மகளிர் நலக் கூட்டத்தில் பி பிளாக் குடியிருப்பாளர் ஒருவர் ஆற்றிய உரை. பேத்தாலஜி ஆய்வகத்தில் 31 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவர். வர முடியாதவர்கள் பலர் கேட்டுக்கொண்டதால் உரையையும், அதன் பிறகு நடந்த கேள்வி பதிலையும் இந்தக் காலாண்டு இதழில் வெளியிடுகிறோம்.)

ஞாயிற்றுக்கிழமை மாலை, அதுவும் தண்ணீர் லாரி வருகிற நேரத்தில், இவ்வளவு பேர் வந்து உட்கார்ந்திருப்பது சந்தோஷமாக இருக்கிறது. "அரை மணி நேரம்தான், அதற்கு மேல் போனால் காபி ஆறிவிடும்" என்று செயலாளர் சொல்லியிருக்கிறார். அதற்குள் முடிக்கப் பார்க்கிறேன்.

நான்கு மாதத்துக்கு முன்பு லிஃப்டில் நடந்த ஒன்றிலிருந்து ஆரம்பிக்கிறேன். நம் குடியிருப்பில் இருக்கும் ஒரு பெண். அவருடைய அனுமதியோடுதான் சொல்கிறேன், பெயர் வேண்டாம். மாமியாருக்கு மார்பில் கட்டி, பயாப்ஸி முடிந்து ரிப்போர்ட் வந்திருந்தது. செல்போனை என்னிடம் நீட்டி, "ஆன்ட்டி, ஈ.ஆர். நெகட்டிவ்னு போட்டிருக்கு. நெகட்டிவ்னா நல்லதுதானே?" என்று கேட்டார்.

தரைத்தளத்திலிருந்து நான்காவது மாடி வருவதற்குள் சொல்லக்கூடிய பதில் இல்லை அது. "வீட்டுக்கு வாம்மா, உட்கார்ந்து பேசலாம்" என்றேன். கொரோனா காலத்தில் நாம் எல்லோரும் ஒரு பழக்கத்துக்கு வந்துவிட்டோம். நெகட்டிவ் என்றால் தப்பித்தோம், பாசிட்டிவ் என்றால் மாட்டிக்கொண்டோம். மார்பகப் புற்றுநோய் ரிப்போர்ட்டில் அந்தக் கணக்கு தலைகீழ். அதைவிட முக்கியமான இன்னொன்றும் இருக்கிறது. அந்த நெகட்டிவ் உண்மையான நெகட்டிவ்தானா என்று கேட்க வேண்டும். அன்று அவருக்குச் சொன்னதைத்தான் இன்று உங்கள் எல்லோருக்கும் சொல்லப் போகிறேன்.

ஈ.ஆர். என்பது என்ன?

ஈ.ஆர். என்றால் ஈஸ்ட்ரோஜன் ரிசப்டர். அது ஒரு புரதம். நம் உடம்பின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஏறக்குறைய ஒரே டிஎன்ஏதான் இருக்கிறது. கல்லீரல் செல்லுக்கும் அதே புத்தகம், தோல் செல்லுக்கும் அதே புத்தகம். எந்தப் பக்கத்தைத் திறந்து படியெடுப்பது என்பதில்தான் வித்தியாசம். மரபணுவைப் படியெடுப்பதைத் தொடங்கி வைப்பதற்கும் நிறுத்துவதற்கும் தனியாகச் சில புரதங்கள் இருக்கின்றன. ஈஸ்ட்ரோஜன் ரிசப்டர் அவற்றில் ஒன்று. ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் வந்து இதோடு சேர்ந்ததும், இது செல்லின் உட்கருவில் டிஎன்ஏ மேல் போய் உட்கார்ந்து, "இந்தப் பக்கத்தைப் படியெடு, வளர், இரண்டாகப் பிரி" என்று உத்தரவு கொடுக்கிறது.

இப்படி ஒரு புரதம் இருப்பதைக் கண்டுபிடித்தவர் சிகாகோ பல்கலைக்கழகத்தில் இருந்த எல்வுட் ஜென்சன். 1950-களின் கடைசியில் கதிரியக்கம் ஏற்றிய ஹார்மோனை எலிகளுக்குச் செலுத்தி, அது எந்தத் திசுவில் போய்த் தங்குகிறது என்று பார்த்தார். அதிலிருந்துதான் பல மார்பகப் புற்றுநோய்கள் இந்தப் புரதத்தை நம்பியே வளர்கின்றன என்ற அறிவு வளர்ந்தது. உலக அளவில் மார்பகப் புற்றுநோய்களில் சுமார் பத்தில் ஏழு ஈ.ஆர். பாசிட்டிவ்.

பாசிட்டிவ் என்றால் என்ன லாபம்? அந்தக் கட்டியின் சாப்பாட்டு வழி நமக்குத் தெரிந்துவிடுகிறது, அதை அடைக்க மாத்திரை இருக்கிறது. டமாக்சிஃபென் என்ற மாத்திரை, ஈஸ்ட்ரோஜன் உட்கார வேண்டிய நாற்காலியில் தான் போய் உட்கார்ந்துகொள்கிறது. 21,000-க்கும் மேற்பட்ட பெண்கள் பங்கேற்ற 20 சிகிச்சை ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்து 2011-இல் வெளியிட்டார்கள். ஈ.ஆர். பாசிட்டிவ் நோயாளிகள் சுமார் 5 ஆண்டுகள் இந்த மாத்திரையைச் சாப்பிட்டால், முதல் 15 ஆண்டுகளில் மார்பகப் புற்றுநோயால் ஏற்படும் மரணம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைகிறது என்பது அதன் முடிவு. ஈ.ஆர். நெகட்டிவ் நோயாளிகளுக்கு இந்த மாத்திரையால் பலன் இல்லை.

இதை யோசித்துப் பாருங்கள். ஒருவருக்கு இந்த மாத்திரை கொடுப்பதா வேண்டாமா என்பது ஒரு கண்ணாடித் துண்டின் மேல் பழுப்பு நிறம் வந்ததா வரவில்லையா என்பதில் நிற்கிறது. அந்தப் பழுப்பு நிறத்தை வரவழைப்பதுதான் 31 ஆண்டுகள் என் வேலை.

பழுப்பு நிறம் எப்படி வருகிறது?

கட்டியிலிருந்து எடுத்த சின்னத் துண்டை ஃபார்மலின் திரவத்தில் போடுவார்கள். அது திசுவைக் கெட்டுப்போகாமல் அப்படியே நிறுத்திவைக்கும். பிறகு அதைப் பாரஃபின் மெழுகில் பதித்து ஒரு சின்னக் கட்டியாக்குவோம். இதற்கு பிளாக் என்று பெயர். இந்தச் சொல்லை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் மறுபடி வருவேன். அந்த பிளாக்கை மைக்ரோடோம் என்ற கருவியில் வைத்து, ஒரு மில்லிமீட்டரில் இருநூற்றைம்பதில் ஒரு பங்கு கனத்தில், வெங்காயத் தோலைவிட மெல்லிசாகச் சீவி, கண்ணாடி ஸ்லைடில் ஒட்டுவோம்.

அந்தச் சீவலுக்குள் ஆயிரக்கணக்கான வகைப் புரதங்கள் இருக்கும். அதில் ஈஸ்ட்ரோஜன் ரிசப்டரை மட்டும் தேடிப் பிடிக்க ஆன்டிபாடியை அனுப்புகிறோம். ஆன்டிபாடி என்பது நம் உடம்பில் கிருமியைப் பிடிக்கிற அதே வகைப் புரதம்தான். ஆய்வகத்துக்கு வேண்டியதை எலியிலோ முயலிலோ உண்டாக்குகிறார்கள். 1975-இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டைனும் ஒரே மாதிரியான ஆன்டிபாடியை வேண்டிய அளவு தயாரிக்கும் வழியைக் கண்டுபிடித்தார்கள். 1984-இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. அதற்கு முன்பு ஒரு முயலின் ரத்தத்திலிருந்து எடுத்த ஆன்டிபாடி தீர்ந்துவிட்டால் அடுத்த முயலின் ஆன்டிபாடி வேறு மாதிரி இருக்கும். ஒரு சமையல்காரர் போய் இன்னொருவர் வந்தால் சாம்பார் ருசி மாறுவது மாதிரி.

ஆன்டிபாடி போய் ஈஸ்ட்ரோஜன் ரிசப்டரைப் பிடித்துக்கொள்ளும். அதன் மேல் ஒரு நொதியை ஏற்றி, அதற்கு ஒரு வேதிப்பொருளைக் கொடுத்தால் அந்த இடத்தில் மட்டும் பழுப்பு நிறம் படியும். மற்ற செல்களின் உட்கரு தெரிவதற்காக நீலச் சாயம் கொடுப்போம். நுண்ணோக்கியில் பார்த்தால் உட்கரு பழுப்பாக இருந்தால் பாசிட்டிவ். நீலமாக இருந்தால் நெகட்டிவ்.

நடுவில் ஒரு விஷயம் விட்டுவிட்டேன். ஃபார்மலின் திசுவைக் காப்பாற்றும்போது புரதங்களை ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுவிடுகிறது. ஆன்டிபாடிக்கு அடையாளம் தெரியாமல் போய்விடும். அந்த முடிச்சை அவிழ்க்க ஸ்லைடைத் திரவத்தில் போட்டுச் சூடாக்க வேண்டும். 1991-இல் ஷான்-ரோங் ஷி என்பவரும் அவருடைய குழுவினரும் மைக்ரோவேவ் அடுப்பில் வைத்து இதைச் செய்துகாட்டினார்கள். பல ஆய்வகங்களில் அதற்குப் பிரஷர் குக்கரே பயன்பட்டது. புதிதாக வேலைக்குச் சேரும் பெண்கள் எங்கள் மேஜையில் குக்கரைப் பார்த்துவிட்டு, "மேடம், மதியச் சாப்பாடு இங்கேயே சமைப்பீங்களா?" என்று கேட்பார்கள். சிரிப்புதான். ஆனால் அந்தக் குக்கரில் சூடு குறைந்தால், பாசிட்டிவாக வர வேண்டிய ஸ்லைடு நெகட்டிவாக வரும். அது சிரிப்பு இல்லை.

எங்கள் மேஜையில் நடந்தது

நான் வேலைக்குச் சேர்ந்து சில ஆண்டுகள் ஆகியிருந்த நேரம். ஒரு திங்கட்கிழமை பதினோரு ஸ்லைடு போட்டோம். பதினொன்றும் நெகட்டிவ். அவசரம், கூட்டம், ரிப்போர்ட் கேட்டு வெளியே ஆட்கள். நான் பதினொன்றையும் தட்டில் அடுக்கி டாக்டர் மேஜையில் வைத்துவிட்டேன்.

எங்கள் பெரிய டாக்டர் ஒரு ஸ்லைடை வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, "கட்டியைப் பார்க்காதே, பக்கத்தில் இருக்கிற நல்ல பால்குழாயைப் பார்" என்றார். நோய் இல்லாத பால்குழாயின் செல்களில் எப்போதும் கொஞ்சமாவது ஈஸ்ட்ரோஜன் ரிசப்டர் இருக்கும். அங்கங்கே பழுப்பு தெரிந்தே ஆக வேண்டும். அங்கேயும் ஒரே நீலம். "நல்ல குழாயே நெகட்டிவ்னு சொல்லுது. அது எப்படிம்மா?" என்றார் டாக்டர்.

விசாரித்ததில் சனி, ஞாயிறு இரண்டு நாளும் கரண்ட் போய்ப்போய் வந்திருக்கிறது. ஆன்டிபாடி இருந்த ஃப்ரிட்ஜ் ஓடவில்லை. மருந்து செத்துப்போயிருந்தது. ஒவ்வொரு முறையும் பாசிட்டிவ் என்று தெரிந்த ஒரு ஸ்லைடைக் கூடவே போட வேண்டும் என்பது விதி. அதற்கு கன்ட்ரோல் என்று பெயர். அன்று அவசரத்தில் நான் அதைப் போடவில்லை. புது மருந்து வாங்கி, கன்ட்ரோலோடு மறுபடி போட்டோம். பதினொன்றில் ஆறு பாசிட்டிவ்.

ஆறு பேர். அந்த டாக்டர் பக்கத்துக் குழாயைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டிருந்தால், ஆறு பேர் கையில் "நெகட்டிவ்" என்று எழுதிய காகிதம் போயிருக்கும். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அதற்குப் பிறகு ஓய்வு பெறும் நாள் வரை கன்ட்ரோல் இல்லாமல் ஒரு ஸ்லைடு என் கையிலிருந்து போனதில்லை.

கனடாவில் நடந்தது

நாங்கள் ஒரே நாளில் கண்டுபிடித்ததை, ஓர் இடத்தில் எட்டு ஆண்டுகள் கண்டுபிடிக்கவில்லை. கனடாவின் கிழக்குக் கோடியில் நியூஃபவுண்ட்லாந்து என்று ஒரு மாகாணம். அதன் தலைநகர் செயின்ட் ஜான்ஸ். அங்குள்ள பொது மருத்துவமனை ஆய்வகத்தில் 1997-இல் ஆன்டிபாடி முறையில் ஈ.ஆர். பரிசோதனை தொடங்கினார்கள். 2005-இல் ஒரு நோயாளியின் ரிப்போர்ட் மேல் சந்தேகம் வந்தது. அவருக்கு இருந்தது பெரும்பாலும் ஈ.ஆர். பாசிட்டிவாகவே இருக்கும் வகைப் புற்றுநோய். ரிப்போர்ட் நெகட்டிவ் என்றது. மறுபடி பரிசோதித்தபோது பாசிட்டிவ் வந்தது.

அதற்குப் பிறகு பழைய பிளாக்குகளை எடுத்து டொராண்டோவில் உள்ள மருத்துவமனைக்கு அனுப்பி, ஆயிரம் பேர் வரை மறுபரிசோதனை செய்தார்கள். 380-க்கும் மேற்பட்டவர்களின் முடிவு தவறு என்று தெரிந்தது. அவர்களில் 100-க்கும் மேற்பட்டவர்கள் அப்போது உயிரோடு இல்லை. மாத்திரை கிடைத்திருந்தால் அவர்களில் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் கிடைத்திருக்க வேண்டிய மாத்திரை கிடைக்கவில்லை. பல நோயாளிகளுக்கு விஷயம் மருத்துவமனை சொல்லித் தெரியவில்லை, செய்தித்தாளைப் பார்த்துத்தான் தெரிந்தது.

மாகாண அரசு நீதிபதி மார்கரெட் கேமரன் தலைமையில் விசாரணை ஆணையம் அமைத்தது. 2009-இல் அறிக்கை வந்தது. யாரோ ஒருவர் செய்த ஒரு பெரிய தப்பு என்று அதில் இல்லை. திசுவைச் சரியாக ஃபார்மலினில் வைக்காதது, பயிற்சிக் குறைவு, கன்ட்ரோலைக் கவனிக்காதது, தரத்தைச் சரிபார்க்க ஒழுங்கான ஏற்பாடு இல்லாதது என்று சின்னச் சின்னதாகச் சேர்ந்தவை. நம் தண்ணீர்த் தொட்டி மாதிரிதான். ஒரு நாள் கழுவாவிட்டால் ஒன்றும் தெரியாது. எட்டு ஆண்டுகள் கழுவாவிட்டால்?

ஆன்டிபாடியே ஆள் மாறினால்?

இதுவரை சொன்னதில் ஆன்டிபாடி சரியானது, வேலை செய்த விதம்தான் தப்பு. ஆன்டிபாடியே வேறு புரதத்தைப் பிடித்தால்?

நம் குடியிருப்பில் எத்தனை சுப்பிரமணியன் இருக்கிறார்கள் என்று காவலாளியைக் கேளுங்கள். "சுப்பிரமணியன் சார் பார்சல்" என்று மட்டும் எழுதியிருந்தால் அது எந்த வீட்டுக்கு வேண்டுமானாலும் போகும். ஆன்டிபாடியும் புரதத்தை முழுசாகப் பார்ப்பதில்லை. ஒரு சின்ன மூலையின் வடிவத்தை மட்டும் பார்த்துப் பிடிக்கிறது. அதே மாதிரி மூலை இன்னொரு புரதத்தில் இருந்தால் அதையும் பிடித்துவிடும். பழுப்பு நிறம் அழகாகத்தான் வரும். பார்க்கிறவருக்கு வித்தியாசம் தெரியாது.

1996-இல் ஸ்வீடனில் யான்-ஓகே குஸ்டாஃப்சன் குழுவினர் இரண்டாவது ஓர் ஈஸ்ட்ரோஜன் ரிசப்டரைக் கண்டுபிடித்தார்கள். முதலாவதற்கு ஆல்ஃபா, இதற்கு பீட்டா என்று பெயர். உலகமெங்கும் ஆராய்ச்சி தொடங்கியது. மார்பகப் புற்றுநோயில் பீட்டா இருக்கிறதா, இருந்தால் நல்லதா கெட்டதா என்று கட்டுரைகள் வந்துகொண்டே இருந்தன. ஒருவர் இருக்கிறது என்பார், இன்னொருவர் இல்லை என்பார். கடைசியில் 2017-இல் ஸ்வீடன் ஆராய்ச்சியாளர்கள் பீட்டாவுக்கான 13 ஆன்டிபாடிகளை எடுத்துப் பரிசோதித்தார்கள். அவர்கள் சோதனையில் தேறியது ஒன்றே ஒன்று. அந்த ஒன்றை வைத்துப் பார்த்தபோது விரையிலும் கருப்பையை அடுத்த சினைப்பையிலும் பீட்டா இருந்தது. மார்பகத் திசுவில், நல்லதிலும் சரி புற்றுநோயிலும் சரி, அதைக் காணவில்லை. இருபது ஆண்டு விவாதத்தில் பெரும் பகுதி ஆள் மாறிப் போன பார்சலைப் பற்றியது.

இது அந்த ஒரு புரதத்தின் கதை மட்டும் இல்லை. 2023-இல் கனடாவை மையமாகக் கொண்ட ஒரு குழு 65 புரதங்களுக்கான 614 ஆன்டிபாடிகளைப் பரிசோதித்து வெளியிட்டது. குறியைப் பிடிக்காத ஆன்டிபாடியைப் பயன்படுத்திய கட்டுரைகள் ஒவ்வொரு புரதத்துக்கும் சராசரியாகப் பன்னிரண்டு வெளிவந்திருந்தன. அந்த முடிவுகளைப் பார்த்துச் சில கம்பெனிகள் தங்கள் சரக்கைச் சந்தையிலிருந்து எடுத்துக்கொண்டன.

எப்படிச் சோதிக்கிறார்கள்? வழி எளிமையானது. அந்தப் புரதத்துக்கான மரபணுவையே நீக்கிய செல்லை எடுத்து, அதன் மேல் ஆன்டிபாடியைப் போடுவார்கள். புரதமே இல்லை, அதனால் நிறம் வரக் கூடாது. வந்தால் அது வேறு யாரையோ பிடிக்கிறது. பூட்டிக் கிடக்கிற வீட்டைப் பார்த்துக் காவலாளி "சார் உள்ளேதான் இருக்கார்" என்று சொன்னால், அடுத்த முறை அவர் சொல்வதை நம்புவீர்களா?

யாரும் பயப்பட வேண்டாம். ஆஸ்பத்திரியில் நம் ரிப்போர்ட்டுக்குப் பார்ப்பது ஆல்ஃபா. அதற்கான ஆன்டிபாடிகள் பல ஆண்டுகளாகப் பல நாடுகளில் நோயாளிகளின் சிகிச்சை முடிவோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்டவை. நான் பீட்டா கதையைச் சொன்னதற்குக் காரணம் வேறு. "இந்தப் புரதம் அதிகமாக இருந்தால் இந்த நோய் வரும், அதற்கு இந்தப் பொடி சாப்பிடுங்கள்" என்று நம் வாட்ஸ்அப் குழுவில் வாரம் ஒன்று வருகிறது. அடியில் "ஆராய்ச்சியில் நிரூபணம்" என்று போட்டிருக்கும். எந்த ஆன்டிபாடியால் நிரூபித்தார்கள், அதை யார் சோதித்தார்கள் என்று கேட்டால் பாதிப் பொடிகள் காணாமல் போய்விடும்.

நாம் செய்யக்கூடியது

இப்போது நீங்கள் கேட்கலாம்: இதெல்லாம் ஆய்வகத்துக்காரர்கள் பாடு, எங்களுக்கு என்ன? நோயாளியும் குடும்பமும் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது.

முதலாவது, பாட்டில். நம் ஊரில் பயாப்ஸி எடுத்ததும் பாட்டிலை உறவினர் கையில் கொடுத்து, "லேபில் கொடுத்துவிடுங்கள்" என்பது சகஜம். திசு உடம்பைவிட்டு வெளியே வந்த ஒரு மணி நேரத்துக்குள் ஃபார்மலினில் போயிருக்க வேண்டும். "டாக்டர், இதில் ஃபார்மலின் இருக்கிறதா, எத்தனை மணிக்குப் போட்டீர்கள்?" என்று தயங்காமல் கேளுங்கள். பெயர், வலதா இடதா, நேரம் மூன்றும் பாட்டில் மேல் எழுதியிருக்க வேண்டும். ஃபார்மலினில் குறைந்தது 6 மணி நேரம், அதிகம் போனால் 72 மணி நேரம் என்பதுதான் உலக வழிகாட்டுதல். சனிக்கிழமை வாங்கிக்கொண்டு வந்து "திங்கட்கிழமை போகும்போது கொடுக்கலாம்" என்று ஃப்ரிட்ஜ் மேலே வைக்காதீர்கள். பாட்டிலைத் திறந்தும் பார்க்காதீர்கள், அந்த ஆவி கண்ணுக்கும் மூச்சுக்கும் கெடுதல்.

இரண்டாவது, ரிப்போர்ட். ஈ.ஆர். பாசிட்டிவ், நெகட்டிவ் என்ற ஒற்றைச் சொல் போதாது. எத்தனை சதவீதச் செல்களில் நிறம் வந்தது, நிறம் லேசா அடர்த்தியா என்று இருக்க வேண்டும். 1 சதவீதம் வந்தாலே பாசிட்டிவ் என்பது இப்போதைய விதி. 1 முதல் 10 சதவீதம் வரை இருந்தால் "குறைந்த அளவு பாசிட்டிவ்" என்று தனியாகக் குறிப்பிடச் சொல்கிறார்கள். சிலர் 8-க்கு இவ்வளவு என்று மதிப்பெண் போடுவார்கள். நெகட்டிவ் என்று வந்தால் ஒரு வரியைத் தேடுங்கள்: கன்ட்ரோல் சரியாக வந்ததா, பக்கத்தில் இருந்த நல்ல பால்குழாயில் நிறம் இருந்ததா? அந்த வரி இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். மரியாதையாகக் கேட்டால் எந்த நல்ல ஆய்வகமும் கோபித்துக்கொள்ளாது.

மூன்றாவது, பிளாக். ஞாபகம் இருக்கிறதா? அந்த மெழுகுக் கட்டிதான் உங்கள் வீட்டுப் பத்திரம் மாதிரி. ரிப்போர்ட்டை ஜெராக்ஸ் எடுக்கலாம், பிளாக்கை எடுக்க முடியாது. பல ஆண்டுகள் கழித்தும் அதிலிருந்து புதுச் சீவல் எடுத்துப் பரிசோதிக்கலாம். நியூஃபவுண்ட்லாந்தில் தப்பு வெளியே வந்ததே பிளாக்குகளைப் பத்திரமாக வைத்திருந்ததால்தான். வேறு ஆஸ்பத்திரிக்குப் போகும்போது பிளாக், ஸ்லைடு இரண்டையும் கேட்டு, கையெழுத்துப் போட்டு வாங்குங்கள். வீட்டில் வெயில் படாத, ஈரம் இல்லாத இடத்தில் வையுங்கள். சித்திரை வெயிலில் காரில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். அது மெழுகு.

நான்காவது, சந்தேகம் வந்தால் இரண்டாவது கருத்து. டாக்டர் எதிர்பார்த்ததற்கு மாறாக நெகட்டிவ் வந்தால், அதே பிளாக்கை வேறொரு ஆய்வகத்தில் கொடுத்துப் பார்ப்பதில் தப்பே இல்லை. என்ஏபிஎல் அங்கீகாரம் உள்ளதா, வெளியிலிருந்து தரப் பரிசோதனை செய்துகொள்கிறார்களா என்று கேளுங்கள். ஆனால் மறுபரிசோதனைக்காகச் சிகிச்சையை நீங்களாக நிறுத்தாதீர்கள். டாக்டரிடம் சொல்லிச் செய்யுங்கள்.

அந்த லிஃப்ட் பெண்ணுக்கு என்ன ஆயிற்று?

அவருடைய மாமியாரின் ரிப்போர்ட்டில் கன்ட்ரோல் பற்றி ஒரு வரிகூட இல்லை. டாக்டரிடம் கேட்டார்கள். அவரே பிளாக்கை இன்னொரு ஆய்வகத்துக்கு அனுப்பச் சொன்னார். ஒரு வாரம் காத்திருந்தார்கள். அந்த வாரம் அந்த வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை என்று எனக்குத் தெரியும்.

மறுபடியும் நெகட்டிவ்தான் வந்தது. இந்த முறை ரிப்போர்ட்டில் ஒரு வரி இருந்தது: பக்கத்தில் உள்ள இயல்பான பால்குழாயில் நிறம் நன்றாக வந்திருக்கிறது. அதாவது ஆன்டிபாடி வேலை செய்தது, சூடு சரியாக இருந்தது, கட்டியில் மட்டும் அந்தப் புரதம் இல்லை.

"அப்போ வீண் அலைச்சல்தானே ஆன்ட்டி?" என்று அந்தப் பெண் கேட்டார். நான் இல்லை என்றேன். முதல் நெகட்டிவை டாக்டரால் முழுசாக நம்ப முடியவில்லை. இரண்டாவதை நம்பி, ஹார்மோன் மாத்திரையில் காலத்தைப் போக்காமல் நேரே கீமோ ஆரம்பித்தார். நான்காவது கீமோ முடிந்திருக்கிறது. தலையில் ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு காலையில் நம் நடைபாதையில் மூன்று சுற்று நடக்கிறார். பார்த்தால் நின்று இரண்டு வார்த்தை பேசுங்கள். "எப்படி இருக்கீங்க" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போகாதீர்கள், வீட்டு வம்பும் பேசுங்கள். அவருக்கு அதுதான் பிடிக்கும்.

எனக்கு இன்னும் அந்தப் பெரிய டாக்டரின் குரல் காதில் இருக்கிறது. "கட்டியைப் பார்க்காதே, பக்கத்தில் இருக்கிற நல்ல குழாயைப் பார்." ரிப்போர்ட் வரும்போது நீங்களும் அந்த ஒரு வரியைத் தேடுங்கள்.

கேள்வி பதில்

*சி பிளாக் குடியிருப்பாளர்:* இப்போது எல்லாம் மெஷினே செய்கிறதே, இன்னும் இந்தத் தப்புகள் நடக்குமா?

மெஷின் வந்த பிறகு நிறையக் குறைந்திருக்கிறது. சூடு, நேரம் எல்லாம் ஒரே சீராக இருக்கும். ஆனால் பாட்டிலில் ஃபார்மலின் ஊற்றுவது மனிதர். நேரத்தைக் குறிப்பது மனிதர். கன்ட்ரோலைப் பார்ப்பதும் மனிதர். கெட்டுப்போன திசுவை உள்ளே வைத்தால் மெஷின் அதையும் அழகாகச் சாயம் போட்டுக் கொடுக்கும்.

*ஏ பிளாக் குடியிருப்பாளர்:* பயாப்ஸியில் ஒரு முடிவு, ஆபரேஷனுக்குப் பிறகு வேறு முடிவு வந்தால் எதை நம்புவது?

நல்ல கேள்வி. பயாப்ஸித் துண்டு சின்னது, ஃபார்மலின் சீக்கிரம் உள்ளே இறங்கிவிடும். ஆபரேஷனில் எடுப்பது பெரிசு, வெட்டித் திறந்து வைக்காவிட்டால் நடுவில் இறங்க நேரமாகும். அதனால் பயாப்ஸி முடிவுக்கு மதிப்பு அதிகம். அதே சமயம் கட்டியின் எல்லாப் பகுதியும் ஒரே மாதிரி இருக்காது. எது சரி என்று நாம் முடிவு கட்ட வேண்டாம். இரண்டு ரிப்போர்ட்டையும் டாக்டர் முன்னால் வைத்து, "ஏன் மாறியது?" என்று கேளுங்கள்.

*பி பிளாக் குடியிருப்பாளர்:* ஆண்களுக்கும் இது வருமா?

குறைவுதான், ஆனால் வரும். ஆண்களுக்கு வரும் மார்பகப் புற்றுநோயில் பெரும்பாலானவை ஈ.ஆர். பாசிட்டிவ். கட்டி தென்பட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள். பின்வரிசையில் இருக்கும் எல்லா சார்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

(கூட்டம் முடிந்ததும் காபி வழங்கப்பட்டது. செயலாளர் பயந்தபடியே ஆறித்தான் போயிருந்தது. ரிப்போர்ட்டில் என்ன பார்க்க வேண்டும் என்ற குறிப்பை ஒரு பக்கத் தாளாக அடித்து அசோசியேஷன் அலுவலகத்தில் வைத்திருக்கிறோம். வேண்டியவர்கள் பெற்றுக்கொள்ளலாம்.)